தீபத் திருநாளும் இணையவழி நுழைவுச்சீட்டும்

நுழையும்முன்

தொடர்வண்டி, திரையரங்கு, அருங்காட்சியகம், இசையரங்கு என எங்குச் செல்வதற்கும் இன்று கைப்பேசியிலேயே சீட்டுக் கிடைக்கிறது. அச்சீட்டை விற்பவர் யார், இருக்கும் இடத்தைவிடக் கூடுதலாக விற்காமல் தடுப்பது எது, கையிலுள்ள சீட்டு மெய்யானது என்பதற்கு உறுதி என்ன என்னும் வினாக்கள் பெரும்பாலும் நம் மனத்தில் எழுவதில்லை. கார்த்திகைத் தீபத் திருநாளுக்கான நுழைவுச்சீட்டைத் திருவண்ணாமலைக் கோயில் தன் இணையதளத்திலேயே வழங்கும் முறையை முன்வைத்து இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

முற்றமும் மக்கள் திரளும்

திருவண்ணாமலையின் மலை 2,668 அடி உயரமுடையது. கார்த்திகைத் தீபத்தன்று மாலை 6 மணிக்கு அம்மலையின் உச்சியில், ஆளுயரக் கொப்பரையில் மகாதீபம் ஏற்றப்படுகிறது. அதைக் காண்பதற்குச் சீட்டு எதுவும் தேவையில்லை. 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் நடப்போரும், மாடவீதிகளில் நிற்போரும், வீட்டு மொட்டைமாடிகளில் கூடியிருப்போரும், தொலைவிலுள்ள ஊர்களின் வயல்வரப்புகளில் நிற்போரும் அச்சுடரைக் காண்கின்றனர்.

கோயிலுக்குள் நிலைமை வேறு. அன்று அதிகாலை 4 மணிக்கு அருணாசலேசுவரர் சன்னிதியில் பரணி தீபம் ஏற்றப்படுகிறது. மாலையில், மலையுச்சியில் தீபம் ஏறும் அதே வேளையில், அர்த்தநாரீசுவரர் கொடிமரத்தின் அருகே எழுந்தருளிச் சில நிமிடங்களே காட்சி தருகிறார். இக்காட்சியைக் காண வேண்டுமெனில் கோயிலின் உள்முற்றத்தில் இருந்தாக வேண்டும். கோயில் ஏறத்தாழ 25 ஏக்கர் பரப்பில் விரிந்ததுதான். அதன் கீழைக் கோபுரம் 217 அடி உயர்ந்து நிற்பதுதான். எனினும், கொடிமரத்தைச் சுற்றியுள்ள வெளியை மதில்களும் மண்டபங்களும் சுருக்கிவிடுகின்றன. ஊருக்கு வருவோர் பல இலட்சம். முற்றம் கொள்வதோ சில ஆயிரம்.

இந்த இடைவெளியை நிரப்பும் வழிகளுள் ஒன்றாகவே இணையவழி நுழைவுச்சீட்டு வந்தது. 2022 டிசம்பர் 6 அன்று நடைபெற்ற தீபத் திருநாளுக்கு, பரணி தீபத்தைக் காண 500 ரூபாய்க் கட்டணத்தில் 500 சீட்டுகளும், மகாதீபத்தைக் காண 600 ரூபாய்க் கட்டணத்தில் 100 சீட்டுகளும் 500 ரூபாய்க் கட்டணத்தில் 1,000 சீட்டுகளும் ஒதுக்கப்பட்டன. இவை அனைத்தும் கோயிலின் இணையதளம் வழியாகவே வழங்கப்பட்டன. ஆதார் அட்டை, கைப்பேசி எண், மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றைத் தந்து பதிவு செய்ய வேண்டும் என்பதும், ஓர் ஆதார் எண்ணுக்கு ஒரு சீட்டு மட்டுமே என்பதும் விதிகளாக இருந்தன. பல இலட்சம் பேர் கூடும் திருவிழாவில் 1,600 சீட்டுகள் என்பது மிகச் சிறிய எண். சிறிய எண் என்பதாலேயே அதனைப் பங்கிடுவது அரிய செயலாகிறது.

கட்டணம் செலுத்தி இறைவனைக் காணும் முறை வேண்டுமா என்பது நெடுங்காலமாகத் தொடரும் வேறொரு விவாதம். இங்கு நாம் நோக்குவது, வழங்குவதென முடிவான ஒரு சீட்டை எவ்வாறு நேர்மையாக வழங்குவது என்பதையே.

சீட்டு என்பது ஒரு வாக்கு

நுழைவுச்சீட்டு ஒரு துண்டுக் காகிதமாகவோ திரையில் தோன்றும் ஒரு படமாகவோ இருக்கலாம். அது தாங்கி நிற்பது ஒரு வாக்கு. ‘இந்த நாளில், இந்த நேரத்தில், இந்த இடத்தில் உமக்கு ஓர் இடம் உண்டு’ என்று நடத்துவோர் வருவோருக்குத் தரும் உறுதிமொழி அது.

தமிழகத்தில் இவ்வழக்கம் பரவியதில் நாடகக் குழுக்களுக்கும் ஊர் ஊராகச் சென்ற திரைப்படக் கொட்டகைகளுக்கும் பெரும் பங்குண்டு. கோவையைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905 ஆம் ஆண்டளவில் படச்சுருள்களையும் கூடாரத்தையும் சுமந்துகொண்டு ஊர்ச்சுற்றுத் திரைக்காட்சிகளைத் தொடங்கினார். கொட்டகை வாயிலில் ஒருவர் அமர்ந்து சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். ‘தரை டிக்கெட்’, ‘பெஞ்சு டிக்கெட்’ என்னும் சொற்கள் அக்காலத்திலிருந்து மக்கள் பேச்சில் ஊன்றியவை. அந்த ஏற்பாட்டில் ஒரு வசதி இருந்தது. விற்பவரின் கண்ணெதிரிலேயே கொட்டகை இருந்தது. உள்ளே இடம் நிறைந்தால் அவர் விற்பனையை நிறுத்திவிடுவார். வாங்குபவரும் விற்பவரின் முகத்தைக் கண்டார். குறையிருந்தால் அவரிடமே முறையிட்டார்.

இணையவழி விற்பனையில் இவ்விரண்டும் மறைந்துவிடுகின்றன. விற்கும் கணினிக்குக் கொட்டகை தெரியாது. வாங்குபவருக்கு விற்பவரின் முகம் தெரியாது. கொட்டகைக்காரரின் கண் செய்த வேலையை இப்போது ஓர் எண் செய்ய வேண்டும். அவருடைய முகம் செய்த வேலையை ஒரு முகவரி செய்ய வேண்டும். சொந்த இணையதளத்தில் சீட்டு விற்பது என்னும் செயலின் நுட்பங்கள் எல்லாம் இவ்விரண்டையும் சுற்றியே அமைகின்றன.

இடையில் நிற்பவர்

ஒரு நிகழ்ச்சியை நடத்துவோர் தம் சீட்டுகளை விற்கும் பொறுப்பை வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைப்பது இன்று பெருவழக்காக உள்ளது. அந்நிறுவனத்திடம் ஆயத்தமான செயலி உண்டு; பல இலட்சம் பயனர்கள் உண்டு; பணம் பெறும் ஏற்பாடும் உண்டு. ஒரு சிறிய நாடகக் குழு ஒரே நாளில் தன் நிகழ்ச்சியை அங்கே பட்டியலிட்டுவிடலாம். இது குறைத்து மதிப்பிடத்தக்க உதவி அன்று.

இவ்வுதவிக்கு விலையும் உண்டு. சீட்டின் விலைக்கு மேல் ‘வசதிக் கட்டணம்’ என ஒரு தொகை வாங்குபவரிடம் பெறப்படுகிறது; அத்தொகைக்கு வரியும் சேர்கிறது. நடத்துவோரிடமிருந்தும் ஒரு பங்கு கழிக்கப்படுவதுண்டு. இதைவிட முக்கியமான இழப்பு ஒன்று உள்ளது. வந்தவர் யார், எந்த ஊரினர், சென்ற ஆண்டும் வந்தவரா என்னும் விவரங்கள் இடையில் நிற்பவரிடமே தங்கிவிடுகின்றன. பத்தாண்டுகள் நாடகம் நடத்திய ஒரு குழு தன் பார்வையாளர்களுக்கு ஒரு மடல் எழுத விரும்பினால், எழுதுவதற்கு முகவரி இருக்காது. நிகழ்ச்சி தள்ளிவைக்கப்படும்போதும் இதே இடர்தான். யாருக்குச் செய்தி சொல்வது, யாருக்குப் பணத்தைத் திருப்பித் தருவது என்பதற்கு நடத்துவோர் பிறரைச் சார்ந்தே நிற்க வேண்டும்.

சொந்தத் தளத்தில் விற்போருக்கு இந்தச் செலவும் சார்பும் குறைகின்றன. அதற்கு மாறாக, அதுவரை பிறர் சுமந்த பொறுப்புகள் அனைத்தும் அவர்கள் தோளில் ஏறுகின்றன. இந்தியாவில் இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு தொடர்வண்டித் துறையே. அத்துறையின் நிறுவனமான ஐஆர்சிடிசி, 2002 ஆகஸ்டு 3 முதல் தன் இணையதளத்தில் பயணச்சீட்டுகளை விற்று வருகிறது. கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் அத்தளத்திலும் முறைகேடுகளைத் தடுக்கும் முயற்சி ஓய்ந்தபாடில்லை. 2025 ஜூலை 1 முதல் ‘தட்கல்’ சீட்டுகளை இணையவழியில் பெற ஆதார்வழிச் சரிபார்ப்புக் கட்டாயமாக்கப்பட்டது.

கடைசிச் சீட்டு யாருக்கு?

500 சீட்டுகளில் 499 விற்றுவிட்டன என்று கொள்வோம். செங்கத்திலிருந்து ஒருவரும் சென்னையிலிருந்து ஒருவரும் ஒரே நொடியில் ‘பதிவு செய்க’ என்னும் பொத்தானை அழுத்துகின்றனர். இருவர் திரையிலும் ‘1 சீட்டு உள்ளது’ என்றே காட்டுகிறது. இருவரும் மெய்யாகவே அதைக் கண்டனர். கணினி இருவருக்கும் விற்றுவிட்டால் 501 சீட்டுகள் ஆகிவிடும். அந்த 501 ஆம் மனிதர் நள்ளிரவில் பேருந்தேறி வந்து கோபுர வாயிலில் நிற்பார்.

இதனைத் தடுப்பது தரவுத்தளத்தின் பணி. தரவுத்தளம் என்பது விற்பனைக் கணக்கு முழுவதையும் தாங்கும் ஏடு எனலாம். ஒருவருடைய வேண்டுகோள் வந்தவுடன் மீதமுள்ள எண்ணிக்கையைப் பார்ப்பது, அதிலிருந்து ஒன்றைக் கழிப்பது ஆகிய இரு செயல்களையும் அது பிரிக்க இயலாத ஒரே செயலாக முடிக்க வேண்டும். அது முடியும்வரை அந்தப் பக்கம் பூட்டப்பட்டிருக்கும். அடுத்தவர் வேண்டுகோள் காத்திருக்கும். பூட்டுத் திறந்ததும் இரண்டாமவர் காண்பது ‘0’. நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு முந்தியவருக்கே கடைசிச் சீட்டு. கண்டிப்பான முறைதான், ஆயினும், வாயிலில் ஒருவரைத் திருப்பி அனுப்புவதைவிடத் திரையிலேயே ‘இல்லை’ என்பது பல மடங்கு அறமுடையது.

சிக்கல் இத்துடன் முடிவதில்லை. சீட்டைத் தேர்ந்தவர் உடனே பணம் செலுத்திவிடுவதில்லை. அட்டையைத் தேடுவார், கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லுக்குக் காத்திருப்பார், இடையில் மின்சாரம் தடைப்படலாம். ஆகவே, அவருக்கென அந்த இடம் சில நிமிடங்களுக்கு நிறுத்திவைக்கப்படுகிறது. அந்நேரத்துக்குள் பணம் வந்தால் சீட்டு உறுதியாகும். வராவிட்டால் இடம் பொதுவுக்குத் திரும்பும். ‘சீட்டுகள் முடிந்தன’ என்று காட்டிய தளம் ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் ஒரு சீட்டைக் காட்டுவது இதனால்தான். அதை ஏமாற்று எனக் கருதிவிடக் கூடாது.

மூன்றாவது சிக்கல் நெரிசல். விற்பனை காலை 10 மணிக்குத் தொடங்கும் என அறிவித்துவிட்டால், 9 மணி 59 நிமிடத்திலேயே ஆயிரக்கணக்கானோர் தளத்தின் வாயிலில் நிற்பர். தளத்தைத் தாங்கும் கணினிக்கு ‘வழங்கி’ என்று பெயர். ஓர் உணவகத்தின் சமையற்காரர் பத்துப் பேருக்கு ஒரே நேரத்தில் பரிமாறலாம். பத்தாயிரம் பேர் ஒருசேரக் கேட்டால் ஒருவருக்கும் உணவு வராது. வழங்கியும் அவ்வாறே திணறி நின்றுவிடும். உலகின் மிகப்பெரிய விற்பனைத் தளங்களும் இதற்கு விலக்கல்ல. 2022 நவம்பரில் அமெரிக்கப் பாடகி டெய்லர் சுவிப்டின் இசைப்பயணத்துக்குச் சீட்டு விற்ற டிக்கெட்மாஸ்டர் நிறுவனத்தின் தளம் ஏறத்தாழ 350 கோடி வேண்டுகோள்களால் தத்தளித்தது. அடுத்து நடக்கவிருந்த பொது விற்பனையே கைவிடப்பட்டது. வந்தவை யாவும் மனிதரின் விரல்கள் அனுப்பியவை அல்ல. மனிதரைப்போல நடிக்கும் தானியங்கி நிரல்களும் அவற்றுள் கலந்திருந்தன. இத்தகைய நிரல்களால் சீட்டுகளை அள்ளிப் பின்னர்க் கூடுதல் விலைக்கு விற்பதைத் தடுக்க அமெரிக்கா 2016 ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றியிருந்தும் இந்நிலை ஏற்பட்டது.

இதற்குக் கண்டறியப்பட்ட தீர்வு, தமிழர் நன்கறிந்த பழைய தீர்வேயாகும்: வரிசை. தளத்துக்குள் ஒரே நேரத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையினரை மட்டும் அனுமதித்து, ஏனையோரை ஒரு காத்திருப்புப் பக்கத்தில் நிறுத்தி, ‘உங்களுக்கு முன் 340 பேர் உள்ளனர்’ என்று காட்டுவதே அது. ஓர் ஆதாருக்கு ஒரு சீட்டு என்னும் விதியும் நெரிசலைக் குறைக்கிறது. ஒருவரே நூறு சீட்டுகளை அள்ளிச் செல்லும் வழியை அது அடைத்துவிடுகிறது.

இவ்வளவு எச்சரிக்கை தேவையா என ஐயுறுவோர்க்கு 2023 செப்டம்பர் 10 ஆம் நாள் சென்னையை அடுத்த பனையூரில் நடைபெற்ற ‘மறக்குமா நெஞ்சம்’ இசை நிகழ்ச்சி விடையாக அமையும். அரங்கின் கொள்ளளவை மீறிச் சீட்டுகள் விற்கப்பட்டதாகக் கடும் புகார் எழுந்தது. முறையான சீட்டு வைத்திருந்த பலர், குழந்தைகளுடன் வந்தவர்கள் உட்பட, உள்ளே செல்ல இயலாமல் நெரிசலிலிருந்து திரும்பினர். நுழைய முடியாதோர்க்குப் பின்னர்ப் பணம் திருப்பித் தரப்பட்டது. அன்று மாலை நெரிசலில் பட்ட அச்சத்துக்கு எக்கணக்கில் ஈடு செய்வது?

பணம் சென்ற வழி

வாங்குபவரின் வங்கிக் கணக்கிலிருந்து விற்பவரின் கணக்குக்குப் பணம் நேராகச் செல்வதில்லை. இடையில் ‘பேமென்ட் கேட்வே’ எனப்படும் கட்டணவாயில் உண்டு. அட்டை எண்ணும் கடவுச்சொல்லும் அவ்வாயிலில்தான் இடப்படுகின்றன. விற்பவரின் தளம் அவற்றைப் பார்ப்பதே இல்லை. ‘பணம் வந்தது’ என்னும் செய்தியை மட்டுமே அது பெறுகிறது. அச்செய்தியைப் பெற்ற பின்னரே சீட்டு உருவாகிறது.

பணம் கழிந்துவிட்டது, செய்தி மட்டும் வழியில் தொலைந்துவிட்டது என்றால் என்னாகும்? இது அடிக்கடி நேர்வதே. பதற்றத்தில் மீண்டும் மீண்டும் பணம் செலுத்துவோர் உண்டு. அவர்கள் அறிந்திருக்க வேண்டிய விதி ஒன்றுள்ளது. இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, இணையவழி வணிகத்தில் அட்டை வழியாகவோ யுபிஐ வழியாகவோ கணக்கிலிருந்து தொகை கழிந்து, விற்பவருக்கு உறுதிச்செய்தி சேராவிடில், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாள்களுக்குள் அத்தொகை தானாகவே திரும்ப வேண்டும். அதற்குமேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தரப்பட வேண்டும். வாடிக்கையாளர் விண்ணப்பம் எழுதிக் கேட்க வேண்டும் என்பதும் இல்லை.

முகவரியை வலமிருந்து படித்தல்

கொட்டகைக்காரரின் முகத்துக்கு மாற்றாக நிற்பது இணைய முகவரி. திருவிழாக் காலங்களில் புகழ்பெற்ற கோயில்களின் பெயரில் போலித் தளங்கள் முளைக்கின்றன. திருமலை திருப்பதி தேவஸ்தானம் தன் பெயரில் இயங்கிய பல போலித் தளங்கள் மீது காவல்துறையில் புகார் அளித்துள்ளது. அவற்றின் தோற்றம் உண்மைத் தளத்தை அச்சு அசலாகப் போன்றிருக்கும். கோபுரப் படமும் கோயில் முத்திரையும்கூட அப்படியே இருக்கும். படங்களை யாரும் படியெடுத்துவிடலாம். படியெடுக்க முடியாதது முகவரி ஒன்றே.

திருவண்ணாமலைக் கோயிலின் முகவரி ஐந்து உறுப்புகளைக் கொண்டது: ‘அண்ணாமலையார்’, ‘எச்ஆர்சிஇ’, ‘டிஎன்’, ‘கவ்’, ‘இன்’. இவை புள்ளிகளால் பிரிக்கப்பட்டு ஆங்கில எழுத்துகளில் அமைந்துள்ளன. இதனை வலப்புறமிருந்து படிக்க வேண்டும். ‘இன்’ என்பது இந்தியா. ‘கவ்’ என்பது அரசு. ‘டிஎன்’ தமிழ்நாடு. ‘எச்ஆர்சிஇ’ இந்து சமய அறநிலையத் துறை. இறுதியில் நிற்பது கோயில். நாடு, அரசு, மாநிலம், துறை, கோயில் எனப் பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கிவரும் ஏணி இது. அஞ்சல் உறையின் முகவரியைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பதைப் போன்றது.

‘கவ்’, ‘இன்’ ஆகிய இரண்டும் ஒருசேர முடிவில் நிற்கும் முகவரி அரசு அமைப்புகளுக்கு மட்டுமே வழங்கப்படுகிறது. ஏமாற்றுவோர் இடப்புறத்தில் ‘அண்ணாமலையார்’, ‘தீபம்’, ‘தரிசனம்’ என எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். ‘கவ்’ என்பதையும் நடுவில் நுழைத்துவிடலாம். வலக்கோடியில் அவர்களால் கைவைக்க இயலாது. முகவரிக்கு அருகில் தோன்றும் பூட்டுப் படத்தைக் கண்டு நம்பிவிடுவோரும் உளர். செய்தி வழியில் களவு போகாது என்பதையே அப்பூட்டுக் காட்டுகிறது. செய்தி யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதை அன்று. கள்வனுடன் பேசும் மறைபொருள் உரையாடலும் பூட்டுடனேயே நடக்கும். பணத்தை இழந்தவர் காலம் தாழ்த்தாமல் 1930 என்னும் தேசிய இணையக்குற்ற உதவி எண்ணை அழைப்பது, அப்பணம் கைமாறும் முன் வங்கிகள் அதை முடக்கிவைக்க உதவும்.

தனியார் அமைப்புக்கு அரசு முகவரி கிடைக்காது. ஒரு நாடகக் குழு தன் தளத்தின் முகவரியை ஒவ்வொரு சுவரொட்டியிலும் அழைப்பிதழிலும் ஒரே வடிவில் அச்சிட்டு, ஆண்டுதோறும் மாற்றாமல் காப்பதே அதற்குள்ள வழி.

தெரியுமா?

நுழைவுச்சீட்டுகளில் காணப்படும் கட்டங்கள் நிறைந்த சதுரக் குறியீடு ‘கியூஆர் குறியீடு’ ஆகும். இதனை 1994 ஆம் ஆண்டு ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா என்பவரும் அவர் குழுவினரும் உருவாக்கினர். சீட்டுக்காக அன்று, மகிழுந்து உதிரிப்பாகங்களை விரைந்து அடையாளம் காண்பதற்காக. அதன் மூன்று மூலைகளிலும் உள்ள சதுரங்கள், எப்பக்கம் திருப்பிக் காட்டினாலும் கருவி அதைப் படிக்க உதவுகின்றன. ஒரு பகுதி அழுக்கானாலும் கிழிந்தாலும் எஞ்சிய பகுதியிலிருந்து செய்தியை மீட்கவும் இயலும்.

கோபுர வாயிலில்

பரணி தீபத்துக்குச் சீட்டுப் பெற்றோர் அதிகாலை 2 மணி முதல் 3 மணிக்குள்ளும், மகாதீபத்துக்குப் பெற்றோர் பிற்பகல் 2.30 மணி முதல் 3.30 மணிக்குள்ளும் வடக்குக் கோபுரமாகிய அம்மணி அம்மன் கோபுரத்தின் வழியே உள்ளே செல்லுமாறு 2022 இல் அறிவிக்கப்பட்டது. சீட்டுடன் ஆதார் அட்டையின் மூலத்தையும் காட்ட வேண்டும். அம்மணி அம்மாள் என்னும் துறவி, பாதியில் நின்றிருந்த அக்கோபுரத்தை வீடு வீடாகச் சென்று பொருள் திரட்டிக் கட்டி முடித்தார் என்பது அவ்வூர் மக்கள் வழிவழியாகச் சொல்லும் செய்தி. நடுவில் எவருமின்றி மக்களிடம் நேரில் பெற்ற பொருளால் எழுந்த கோபுரத்தின் வழியே, நேரில் பெற்ற சீட்டுடன் நுழைவது ஓர் இனிய பொருத்தமே.

திரையில் உருவான சீட்டு மெய்யான வாயிலைச் சந்திக்கும் இடம் இதுவே. சீட்டைப் படமெடுத்துப் பத்துப் பேருக்கு அனுப்பிவிடலாம். பத்தும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே, ஒவ்வொரு சீட்டுக்கும் எவராலும் ஊகித்தறிய இயலாத தனி எண் தரப்படுவது நன்று. முதலில் வருபவரின் எண்ணைக் கருவி படித்ததும் ‘பயன்படுத்தப்பட்டது’ எனக் குறித்துக்கொள்ளும். அதே எண்ணுடன் வரும் அடுத்தவரை அது ஏற்காது. இங்கும் ஒரு நடைமுறை இடர் உண்டு. பல இலட்சம் கைப்பேசிகள் ஓரிடத்தில் குவியும்போது அலைத்தொடர்பு நின்றுபோகும். வாயிலில் உள்ள கருவி ஒவ்வொரு முறையும் இணையத்தைக் கேட்டுத்தான் விடை சொல்லும் என்றால், வரிசை அங்கேயே உறைந்துவிடும். விற்பனை முடிந்ததும் எண்களின் முழுப் பட்டியலைக் கருவியிலேயே இறக்கி வைத்துக்கொள்வது இதற்குத் தீர்வு. அச்சிட்ட பட்டியல் ஒன்றும் பணியாளர் கையில் இருப்பது அதனினும் நன்று.

பெயருக்கு உரியவரே வர வேண்டும் என்னும் விதி கள்ளச்சந்தையை ஒழிக்கிறது. அதே விதி, திடீரென நோயுற்றவர் தம் சீட்டைத் தங்கைக்குத் தருவதையும் தடுக்கிறது. அவருடைய இடம் முற்றத்தில் வெறுமையாகவே கிடக்கும். சீட்டைத் தளத்திலேயே திருப்பித் தந்து, காத்திருப்போர் பட்டியலில் உள்ள அடுத்தவருக்கு அதே விலையில் அது செல்லுமாறு செய்யும் ஏற்பாடு சில நாடுகளின் இசைவிழாக்களில் உண்டு. நேர்மையும் கனிவும் ஒருங்கே வாய்த்த முறை அது.

ஆதார் எண்ணைக் கேட்டுப் பெறுவோர்க்குக் கடமை ஒன்றும் சேர்கிறது. 2023 ஆம் ஆண்டின் எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்த நோக்கத்துக்காக விவரம் பெறப்பட்டதோ அந்நோக்கம் நிறைவேறியதும் அதை அழிக்க வேண்டும் என்னும் நெறியை முன்வைக்கிறது. ஒரு நாள் திருவிழாவுக்குப் பெற்ற விவரம் ஆண்டுக்கணக்கில் ஒரு கணினியில் கிடக்க வேண்டியதில்லை.

இணையத்துக்கு வெளியே உள்ளோர்

காலை 10 மணிக்குத் தொடங்கிய விற்பனை சிறிது நேரத்தில் முடிந்துவிடும்போது, அதில் பங்கேற்றோர் யாவர்? விரைவான இணைய இணைப்பும், மின்னஞ்சல் முகவரியும், பிழையின்றித் தட்டச்சு செய்யும் விரலும் உடையோரே. சவ்வாது மலையிலிருந்து ஆண்டுதோறும் தீபத்துக்கு நடந்தே வரும் முதியவருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லாதிருக்கலாம். வெயிலில் நிற்கும் வரிசையை இணையம் ஒழித்தது உண்மை. அவ்வரிசையில் நிற்பதற்குத் தேவைப்பட்டது கால்வலிமை மட்டுமே என்பதும் உண்மை.

அதே திருவிழாவில் வேறொரு முறையும் பின்பற்றப்பட்டது. 2022 இல் தீபத்தன்று மலையேற 2,500 பேர் மட்டும் அனுமதிக்கப்பட்டனர். அவர்களுக்கான அனுமதிச்சீட்டு, அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் அன்று காலை முதல், அடையாள அட்டையுடன் முதலில் வந்தவர்களுக்கு நேரில் வழங்கப்பட்டது. இம்முறையில் உள்ளூர்க்காரருக்கும் முன்னிரவே வந்து தங்கியவருக்கும் வாய்ப்பு மிகுதி, தொலைவிலிருப்போர்க்குக் குறைவு. இணையமுறையில் இது தலைகீழாகிறது. ஒரே விழாவில் இரண்டும் அருகருகே இருந்தமை தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் ஒரு பகுதியை இணையத்திலும் ஒரு பகுதியை நேரிலும் வழங்குவது, இரு வகையினருக்கும் வழி திறந்துவைக்கும் ஏற்பாடாகத் தோன்றுகிறது.

எண்ணிக்கையை யார், எதைக் கொண்டு முடிவு செய்வது என்பது இவை எல்லாவற்றுக்கும் அடிப்படையான வினா. 2024 டிசம்பர் 1 அன்று பெருமழையால் அம்மலையின் அடிவாரத்தில் மண்சரிவு ஏற்பட்டு 7 பேர் உயிரிழந்தனர். அதன்பின் வல்லுநர் குழு மலையை ஆராய்ந்தது. அவ்வாண்டு டிசம்பர் 13 அன்று நடந்த தீபத்துக்குப் பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. 2,500 என்றிருந்த எண் சுழியமாயிற்று. விண்ணப்பிப்போர் எத்தனை பேர் என்பது அம்முடிவில் இடம்பெறவில்லை. மண் எவ்வளவு தாங்கும் என்பதே இடம்பெற்றது.

சிறு அரங்குகளுக்கு

இம்மாவட்டத்தின் புரிசை தெருக்கூத்துக்குப் புகழ்பெற்ற ஊர். கூத்து விடிய விடியத் திறந்தவெளியில் நடப்பது. அங்கே வாயிலும் இல்லை, சீட்டும் இல்லை. எனினும், ஒரு பள்ளி நாடகக் குழுவோ ஊர் இசைமன்றமோ மூடிய அரங்கில் நிகழ்ச்சி நடத்தி, செலவை ஈடுகட்டச் சிறு கட்டணம் பெற எண்ணினால், மேற்கண்டவற்றுள் பலவற்றை எளிய அளவில் தாமே செய்துகொள்ளலாம். ஒரு பக்கமுள்ள இணையதளம், ஒரு பதிவுப் படிவம், யுபிஐ குறியீடு, ஒவ்வொருவருக்கும் ஓர் எண், வாயிலில் அச்சிட்ட பட்டியல் ஆகியன 100 இருக்கைகளுக்குப் போதும். நிகழ்ச்சி நின்றுபோனால் பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதை அதே பக்கத்தில், சீட்டின் விலைக்கு அடுத்த வரியிலேயே எழுதிவிட வேண்டும். பக்கத்தை உருவாக்க அமர்வதற்கு முன்னர் அளவுநாடாவுடன் அரங்குக்குச் சென்று, நடைவழியும் அவசர வழியும் விட்டது போக எத்தனை நாற்காலிகள் கொள்ளும் என்று எண்ணி வருவது முதல் வேலை. படிவத்தில் இட வேண்டிய எண் அங்கிருந்துதான் கிடைக்கும்.